"சூடேறாத ஒளி" என்று விற்றார்கள்: ஸ்மார்ட் பல்பை மூடிய குடுவைக்குள் மாட்டும் முன் ஓர் எச்சரிக்கை

ஸ்மார்ட் எல்இடி பல்பு (வைஃபை வழியே கைபேசியிலிருந்து இயக்கும் பல்பு) வாங்க எண்ணியிருப்பவர்களும், ஏற்கெனவே வாங்கி மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் மாட்டிவிட்டவர்களும் இதைச் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். நான் 4 பல்புகள் வாங்கினேன். 11 மாதங்களுக்குள் இரண்டு வெப்பத்தால் கெட்டன. 2 ஆண்டு வாரண்டி என்று அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தவர்கள், உள்ளே மடித்து வைத்திருந்த தாளின் பொடி எழுத்தைக் காட்டிக் கைகழுவிவிட்டார்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் நடந்துகொண்ட முறையைத் தெரிந்துகொள்வதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

விற்பனைப் பக்கத்தில் "சூடேறாத ஒளி" என்ற வாசகமும், 25,000 மணி நேர ஆயுள் என்ற வாக்குறுதியும் இருந்தன. ஆனால் என்னை நம்ப வைத்தது அங்கிருந்த ஒரு படம். கூரையை ஒட்டிய வெண்ணிறக் கண்ணாடிக் குடுவை, அதைத் திருகிக் கழற்றும் ஒரு கை, உள்ளே அவர்களுடைய பல்பு. எங்கள் கூடத்தில் இருப்பதும் ஏறத்தாழ அதே வகைக் குடுவை என்பதால், மேற்கொண்டு யோசிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. அந்த 12 வாட் பல்புகளில் இரண்டைக் கூடத்திலும் படுக்கையறையிலும் இருந்த மூடிய குடுவைகளில் மாட்டினேன். மற்ற இரண்டும் திறந்த மேசை விளக்குகளுக்குப் போயின. இந்தப் பிரிவினை நான் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆனால் பின்னால் அதுவே எனக்குச் சாட்சியாக நின்றது.

கோளாறு வெப்பத்தின் வேடத்தில் வரவில்லை. வைஃபை கோளாறாக வந்தது. விளக்கைப் போட்டு முக்கால் மணி நேரம் ஆனதும், கூடத்துப் பல்பு கைபேசிச் செயலியில் "இணைப்பில் இல்லை" என்று காட்டும். சுவர் சுவிட்சை அணைத்து, சிறிது நேரம் ஆறவிட்டுப் போட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வந்துவிடும். நான் ரௌட்டரை இரண்டு முறை இடம் மாற்றினேன், கடவுச்சொல்லை மாற்றினேன், பல்பைச் செயலியிலிருந்து நீக்கி மீண்டும் சேர்த்தேன். ரௌட்டரிலிருந்து இன்னும் தொலைவில் இருந்த மேசை விளக்குப் பல்பு ஒருமுறைகூட இணைப்பறாதது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. ஆறாம் மாதம் முழு வெளிச்சத்தில் மெல்லிய நடுக்கம் தெரிந்தது. அதன்பின், நெடுநேரம் எரிந்த இரவுகளில் சூடான பிளாஸ்டிக்கின் வாடை. ஒன்பதாம் மாதம் கூடத்துப் பல்பு அணைந்தது. படுக்கையறைப் பல்பு இன்னும் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தது.

எல்இடி சூடாகாது என்பது பாதி உண்மை; அந்தப் பாதியை வைத்துத்தான் விற்கிறார்கள். பழைய குண்டு பல்பு தான் வாங்கும் மின்சாரத்தின் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக வெளியே வீசிவிடும். அதனால்தான் அதன் அருகில் கையைக் கொண்டுபோனால் சுடும். எல்இடியின் ஒளியில் அகச்சிவப்பு மிகக் குறைவு என்பதால், ஒளி விழும் இடத்தில் கையை நீட்டினால் சுடுவதே இல்லை. ஆனால் எல்இடி வாங்கும் மின்சாரத்திலும் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பம் ஒளியோடு வெளியேறாமல், ஒளி தரும் சிறு சில்லின் முதுகுப்புறமாக அலுமினியத் தகட்டில் இறங்கி, பல்பின் கழுத்துக்குப் போகிறது. மின்சாரத்தைப் பதப்படுத்தும் டிரைவர் சுற்று இருப்பதும் அதே கழுத்தில்தான். ஸ்மார்ட் பல்பில் அதே குறுகிய இடத்துக்குள் வைஃபை சில்லும் சேர்ந்துகொள்கிறது. செயலியில் அணைத்தாலும் அந்தச் சில்லு உறங்குவதில்லை. அடுத்த கட்டளைக்காகக் காத்துக்கொண்டு அரை வாட்டோ அதற்கும் குறைவாகவோ இழுத்துக்கொண்டேயிருக்கும்.

என்னை ஏமாற்றியதில் குடுவையின் மேல் ஒட்டியிருந்த சீட்டுக்கும் பங்கு உண்டு. "60 வாட் வரை" என்று அதில் இருந்ததால், 12 வாட் பல்பு அதற்கு ஒரு பொருட்டா என்று எண்ணிவிட்டேன். அந்த எண் குடுவையும் கம்பியும் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதைச் சொல்கிறதே தவிர, உள்ளே இருக்கும் பல்பு எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லவில்லை. டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸ் அளவில் எரிவதற்கென்றே செய்யப்பட்டது. சுற்றியிருக்கும் காற்று 80 டிகிரி ஆனாலும் அதற்குக் கவலையில்லை. எல்இடி பல்பின் மின்னணுப் பாகங்களுக்கு அதுவே தலையெழுத்தை மாற்றும் சூடு. போதாக்குறைக்கு, கூரையிலிருந்து பல்பு தலைகீழாகத் தொங்கும்போது கழுத்துதான் மேலே இருக்கிறது. மேலெழும் சூடான காற்று நேரே அங்கே போய்த் தேங்குகிறது.

இறந்த கூடத்துப் பல்பைக் கழற்றி, ஒரு நாள் முழுவதும் ஆறவிட்டு, மேல்மூடியைப் பெயர்த்துப் பார்த்தேன். (நீங்கள் இதைச் செய்ய வேண்டாம், மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகமான கபாசிட்டரில் அது தங்கியிருக்கலாம்.) அலுமினியத் தகட்டில் வட்டமாக ஒட்டியிருந்த எல்இடிகளில் ஒன்றின் மஞ்சள் முகத்தில் மட்டும் மிளகின் நுனியளவு கரும்புள்ளி. அவை தொடராக இணைக்கப்பட்டிருந்ததால் ஒன்று போனதும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிட்டது. தகட்டிலிருந்து வெப்பத்தை உடலுக்குக் கடத்த வேண்டிய பசை ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு, அதுவும் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. தகட்டுக்கு நேர் கீழே, விரல் நுழையாத நெருக்கத்தில், தட்டையாக இருக்க வேண்டிய தலை புடைத்துப்போன நிலையில் கபாசிட்டர். அதன் உறையில் "105°C" என்ற எழுத்து இன்னும் தெளிவாக இருந்தது.

இந்த வகை மின்பகு கபாசிட்டர்களுக்குத் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் கபாசிட்டர், 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கும். 85 டிகிரியில் 8,000 மட்டுமே. அட்டைப்பெட்டியில் உள்ள 25,000 எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது என்பது இதிலேயே புரியும். நான் மல்டிமீட்டரின் வெப்பமுனையை மீதமிருந்த பல்பொன்றின் கழுத்தில் ஒட்டி, 2 மணி நேரம் முழு வெளிச்சத்தில் எரியவிட்டுப் பார்த்தேன். திறந்த மேசை விளக்கில் 67 டிகிரி. அதே பல்பு மூடிய குடுவைக்குள் 93 டிகிரி. வெளிப்புறத்திலேயே இவ்வளவு என்றால், உள்ளே இருக்கும் கபாசிட்டரின் பாடு இதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

இனி வாரண்டிக் கதை. முதலில் பதில் எழுதியவர், "சார், எல்இடி சூடாகாது, உங்கள் வீட்டு மின்னழுத்தத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும்" என்றார். ஒரே வீட்டில் இரண்டு பல்புகள் நன்றாக எரிகின்றனவே என்று கேட்டேன், பதில் இல்லை. நான்கு நாள் கழித்து இன்னொருவர் மிகுந்த கனிவுடன், "பல்பு பொருத்தப்பட்ட இடத்தின் புகைப்படம் அனுப்ப முடியுமா சார், மாற்றித் தருவதற்குத் தேவைப்படுகிறது" என்று எழுதினார். மாற்றித் தரத்தான் போகிறார்கள் என்று மகிழ்ந்து, குடுவை நன்றாகத் தெரியும்படி நானே நான்கு படங்கள் எடுத்து அனுப்பினேன். அடுத்த மணி நேரத்தில், அதுவரை காட்டாத வேகத்தில், பதில் வந்தது: முழுமையாக மூடப்பட்ட விளக்குகளில் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது, கையேட்டின் 7ஆம் பக்கத்தைப் பார்க்கவும். பார்த்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டியிருந்தது. ஆனால் வாசகம் இருந்தது.

அவர்களுடைய விற்பனைப் பக்கத்தின் மூடிய குடுவைப் படத்தை அவர்களுக்கே திருப்பி அனுப்பினேன். "அது விளக்கத்திற்கான படம் மட்டுமே" என்றார்கள். அதையும் மீறி எழுதியபோது, அதே பல்பை மீண்டும் வாங்கினால் தள்ளுபடி தருவதாக ஒரு கூப்பன் வந்தது. சூடாகவே சூடாகாத பல்பு, சூடு தேங்கும் இடத்தில் வைத்ததால் கெட்டது என்று ஒரே வாயால் சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ தெரியவில்லை.

ஆகவே, ஸ்மார்ட் பல்பை வாங்கும் முன் படத்தை நம்பாமல் கையேட்டைக் கேட்டுப் பெற்று, மூடிய விளக்குகளுக்கு ஏற்றது என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எழுதாத பல்பைத் திறந்த விளக்கில் மட்டும் போடுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைப்பதே உடனடியாகச் செய்யக்கூடியது. வெப்பம் நன்றாகவே குறையும். சுவரில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் இருந்தால் ஸ்மார்ட் பல்பை அதனோடு இணைக்கவே வேண்டாம். டிம்மர் வெட்டி அனுப்பும் மின்சார அலை டிரைவர் சுற்றைப் படாத பாடு படுத்தும். நடுக்கம், வாடை, கழுத்தில் பழுப்பு நிறம், சூடேறிய பின் மட்டும் அறுபடும் இணைப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அணைத்துக் கழற்றிவிடுங்கள்.

எங்கள் கூடத்துக் குடுவையில் இப்போது மூடிய விளக்குகளுக்கென்று குறிக்கப்பட்ட சாதாரண 7 வாட் பல்பு இருக்கிறது. ஸ்மார்ட் வேலையைச் சுவரில் உள்ள ஸ்மார்ட் சுவிட்ச் பார்த்துக்கொள்கிறது. மீதமிருக்கும் இரண்டு பல்புகளும் மேசை விளக்குகளில் குறையின்றி எரிகின்றன. இதை எழுதும் முன் அந்த விற்பனைப் பக்கத்தை மீண்டும் திறந்து பார்த்தேன்; குடுவையைத் திருகும் அந்தக் கை இன்னும் அங்கேயே இருக்கிறது.