ரைம்ஸுக்கு வயது பார்க்கும் அகராதி: வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவுமா?

நாகர்கோவில் கடைகளில் ரைம்ஸ் புத்தகம் கேட்டால் வழுவழுப்பான அட்டையில், பட்டன் அமுக்கினால் பாடுகிற ரகத்தை எடுத்துப் போடுவார்கள். அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது, எந்த வருஷம் அச்சேறியது என்று அதில் ஒரு வரி இருக்காது. அதைத் தேடிப் போகிறவர்களுக்கென்றே உள்ள புத்தகம், ஐயோனா ஓப்பியும் பீட்டர் ஓப்பியும் சேர்ந்து தொகுத்த 'தி ஆக்ஸ்ஃபோர்ட் டிக்ஷனரி ஆஃப் நர்சரி ரைம்ஸ்'. முதல் பதிப்பு 1951. திருத்திய பதிப்பு 1997. 500க்கும் மேற்பட்ட பாட்டுகள்.

குமரி மாவட்டத்தில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைப்பவர்கள் இதை வாங்கலாமா? பிள்ளைக்கு 8 வயது தாண்டியிருந்து, ஆங்கிலத்தை வாசித்துத் தமிழில் சொல்ல ஒரு பெரியவர் கூடவே உட்கார முடியுமென்றால், தாராளமாக வாங்கலாம். சின்னப் பிள்ளைக்குப் பாடிக் காட்டுவதற்கு என்று வாங்கினால் காசு வீண். இது ஆராய்ச்சியாளர்களுக்குச் செய்த அகராதி.

ஒவ்வொரு பாட்டும் ஒரே ஒழுங்கில் வரும். முதலில் பாட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் அதன் சரித்திரம், கடைசியில் அது அச்சான புத்தகங்களின் பெயரும் வருஷமும், பழையதிலிருந்து புதியது வரை. பாட்டுகள் அகரவரிசையில்தான் இருக்கின்றன, ஆனால் முதல் வரியை வைத்து அல்ல. ஆளைப் பற்றிய பாட்டென்றால் ஆளின் பெயர், பொருளைப் பற்றியதென்றால் பொருளின் பெயர். முதல் தடவை புரட்டுகிறவர்கள் 'பா பா பிளாக் ஷீப்'பைத் தேடித் தேடிச் சலித்துப்போவது இதனால்தான். பின்னாலுள்ள முதல் வரி அட்டவணையிலிருந்து தொடங்கினால் இந்த வம்பு இல்லை.

பொடி எழுத்துப் பகுதியைப் பிள்ளையிடம் அப்படியே நீட்டக் கூடாது. புத்தகப் பெயர்களின் சுருக்கங்கள், பழைய எழுத்துக்கூட்டல், ஒரே மூச்சில் நாலைந்து நாட்டுப் பாட்டுகளின் ஒப்பீடு என்று நெருக்கமாக இருக்கும். முந்தின நாள் இரவே பெரியவர் வாசித்து, மூன்றே விஷயத்தைக் குறித்துக்கொண்டால் போதும்: முதல் அச்சு எந்த வருஷம், அப்போது வரிகள் எப்படி இருந்தன, பாட்டைச் சுற்றி என்ன கதை கட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவதில்தான் இந்தப் புத்தகத்தின் அருமை இருக்கிறது. ஓப்பி தம்பதிக்குக் கட்டுக்கதை என்றால் ஆகாது. 'ரிங்-அ-ரிங் ஓ ரோசஸ்' 1665ஆம் ஆண்டு லண்டன் கொள்ளைநோயைப் பற்றிய பாட்டு, தும்மலும் விழுவதும் சாவைக் குறிக்கும் என்று யூடியூபில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அகராதியைத் திறந்தால், ஆங்கிலத்தில் முதலில் அச்சானது 1881இல், கேட் கிரீன்அவே படம் வரைந்த புத்தகத்தில். இடையில் 216 வருஷம். கொள்ளைநோய்க் காலத்தில் நாட்குறிப்பு எழுதியவர்கள் எத்தனையோ பேர் இருந்தும் இந்தப் பாட்டைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. கொள்ளைநோய்க் கதையே இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் அச்சில் தலைகாட்டுகிறது. 'பா பா பிளாக் ஷீப்' 1275ஆம் ஆண்டுக் கம்பளி வரியைச் சொல்கிறது என்பதும் இதே சாதிதான். பாட்டு அச்சில் கிடைப்பது 1744இல்.

இதை வாயால் சொன்னால் பிள்ளைக்கு உறைக்காது. ஒரு காலப்பட்டை செய்ய வேண்டும். ஏ4 தாள் 7 எடுத்து, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஒரு செ.மீ. மேலேற்றி ஒட்டினால் 4 மீட்டர் வரும். ஒரு வருஷத்துக்கு ஒரு செ.மீ. என்று 1650 முதல் 2000 வரை குறிக்க 3.5 மீட்டர் போதும். கடையில் பில் அடிக்கிற ரோலை வாங்கிவிடாதீர்கள். அது வெப்பத்தாள், வெயில் பட்ட சுவரில் மஞ்சளித்துக் கறுத்துவிடும். மைதா பசையும் வேண்டாம், கரப்பான் அரித்துவிடும். இரண்டு மழையும் பெய்கிற ஊரில் செல்லோ டேப் சீக்கிரம் உரிந்து தொங்கும். வெள்ளைப் பசை தேய்த்து, காயும் வரை கனமான புத்தகத்தை மேலே வைப்பதுதான் நிற்கும்.

பட்டையின் மேல்பக்கம் பாட்டுகள், கீழ்ப்பக்கம் நம்மூர். கீழே 1741இல் குளச்சல் போர். மேலே மூன்றே செ.மீ. தள்ளி, 1744இல் 'பா பா பிளாக் ஷீப்' அச்சான 'டாமி தம்ப்ஸ் பிரிட்டி சாங் புக்'. கீழே 1806இல் கிறிஸ்தவ மிஷனரி ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வருகிறார். மேலே அதே வருஷம் லண்டனில் ஜேன் டெய்லர் எழுதிய 'தி ஸ்டார்', அதாவது நம் பிள்ளைகள் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்', அச்சாகிறது. மேலே 1830இல் சாரா ஹேலின் 'மேரி ஹேட் அ லிட்டில் லாம்ப்'. கீழே 1876இல் தேரூரில் கவிமணி பிறக்கிறார். மேலே 1877இல் எடிசன் தம் ஒலிப்பதிவுக் கருவியில் அந்த மேரி பாட்டைச் சொல்லிப் பார்க்கிறார். கீழே 1956இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்கிறது, ஐந்து செ.மீ. முன்னால், மேலே, இந்த அகராதி. இப்போது 1665க்கும் 1881க்கும் நடுவில் பிள்ளையை அளக்கச் சொல்லுங்கள். வீட்டு வாசல் நிலையைவிட நீளமான வெறுந்தாள் அது. கொள்ளைநோய்க் கதைக்கு அதற்குமேல் பதில் தேவைப்படாது.

அடுத்து ஹம்ப்டி டம்ப்டி. பாட்டைப் படமில்லாமல் வாசித்துக் காட்டி, ஹம்ப்டியை வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் முட்டைதான் வரைவார்கள். பாட்டில் முட்டை எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள். எங்கேயும் இல்லை. இது விடுகதையாக இருந்த பாட்டு, முட்டை அதன் விடை. 1871இல் லூயிஸ் கரோலின் கதைக்கு டென்னியல் வரைந்த முட்டை முகம் பிரபலமான பிறகு விடை எல்லாருக்கும் தெரிந்துபோய், விடுகதை செத்துப்போனது. ஜெர்மனி, டென்மார்க், பிரான்ஸ் என்று பல நாட்டில் இதே விடுகதை வேறு வேறு பெயரில் இருப்பதையும் அகராதி எடுத்து வைக்கிறது. வாசலே இல்லாத வெள்ளை வீடு என்று முட்டைக்கு அழிப்பாங்கதை (விடுகதை) போட்டுப் பழகிய வீட்டில் இந்தப் பாடம் தானாகவே நடந்துவிடும்.

கைவேலைக்கு நல்லது 'டாமி தம்ப்' புத்தகம். அதில் இரண்டாம் பாகம் மட்டுமே பிழைத்திருக்கிறது. அளவு 3 அங்குலத்துக்கு 1¾ அங்குலம், உள்ளங்கைக்குள் ஒளித்துவிடலாம். ஒரு ஏ4 தாளை எட்டுச் சம துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 10.5க்கு 7.4 செ.மீ. துண்டுகளை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தால் 32 பக்கம். மடித்த அகலம் 5.2 செ.மீ. வரும், அதை 4.4ஆக நறுக்க வேண்டும். நறுக்குவது பின் அடித்த பிறகுதான். முன்னாலேயே நறுக்கினால் உள்தாள்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். எழுதுவது நறுக்கியதற்கும் பிறகு. இல்லாவிட்டால் ஓரத்து எழுத்து கத்தரியோடு போய்விடும். அசல் புத்தகம் சிவப்பும் கறுப்பும் மாறிமாறி அச்சிட்டது என்பதால் இரண்டு பேனா எடுத்துக் கொடுங்கள். இவ்வளவு பொடிப் புத்தகத்தில் எத்தனை வரி கொள்ளும் என்று எழுதிப் பார்க்கும்போதுதான், நாலு வரிப் பாட்டு ஏன் நாலு வரியோடு நின்றது என்ற கேள்வியே பிள்ளைக்கு வரும்.

குறைகளுக்கு வருவோம். மெட்டைக் கேட்க முடியாதது பெரிய குறை. 'ட்விங்கிள்' பாட்டின் மெட்டு 1761இல் பிரான்சில் அச்சானது, மோட்சார்ட் அதில் வேறுபாடுகள் (அதே மெட்டைப் பலவிதமாக மாற்றி வாசிப்பது) கட்டி வாசித்தார், 'ஏபிசி' பாட்டும் அதே மெட்டு. இதையெல்லாம் காதால் கேட்டால் ஐந்து நிமிஷப் பாடம். தாளில் வாசித்தால் ஒன்றும் ஏறாது. போனில் மோட்சார்ட்டின் அந்தப் பியானோ வேறுபாடுகளைத் தேடி, முதல் ஒரு நிமிஷத்தை மட்டும் போட்டு, கூடவே இரண்டு பாட்டையும் பாடவையுங்கள்.

இன்னொன்று கவனிக்க வேண்டியது. இது எதையும் மறைக்காத தொகுப்பு. குடி, அடி, தூக்குமரம் எல்லாம் வரும். கறுப்பின மக்களை இழிக்கும் எண்ணல் பாட்டும், வேல்ஸ்காரரைத் திருடர் என்கிற பாட்டும் இருக்கின்றன. ஓப்பிகளே முன்னுரையில் சொல்வதுபோல, இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை முதலில் குழந்தைகளுக்காக உண்டானவை அல்ல. பிள்ளையின் கையில் புத்தகத்தைத் தந்துவிட்டு அடுக்களைக்குப் போகிற வேலை ஆகாது. பக்கத்தை முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட, இதில் நம் பாட்டு ஒன்றுகூட இல்லை. ஆங்கிலப் பாட்டு அகராதியில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லைதான். ஆனால் ஆங்கிலப் பாட்டோடு நிறுத்தினால் பிள்ளைக்குத் தேதிகள் மிஞ்சும், ஆராயும் பழக்கம் வராது. ஓப்பிகளின் ஒழுங்கை அப்படியே எடுத்து வீட்டிலுள்ள பாட்டுகளுக்குப் போட்டால்தான் புத்தகத்துக்குக் கொடுத்த பணம் தேறும்.

தபால் அலுவலகத்தில் 50 காசு அஞ்சலட்டை வாங்குங்கள். 14க்கு 9 செ.மீ., கெட்டித்தாள், இதைவிட மலிவான அட்டை கிடைக்காது. ஒரு பாட்டுக்கு ஒரு அட்டை. முதல் வரி, சொன்னவர் என்ன உறவு, வயது, எந்த ஊரில் யாரிடம் கேட்டது, எதற்குப் பாடுவது (சோறூட்டவா, ஆட்டவா, எண்ணவா), வேறு ஒருவர் சொன்னால் எங்கே மாறுகிறது. இவ்வளவுதான். 'நிலா நிலா ஓடி வா', 'கை வீசம்மா', 'சாய்ந்தாடம்மா', 'காக்கா காக்கா கண்ணுக்கு மை கொண்டா' இந்த நாலிலிருந்து தொடங்கினால் எந்த வீட்டிலும் ஒன்றாவது கிடைக்கும்.

பதிவு செய்யும்போது கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. பிள்ளை முதலிலேயே "ஆச்சி, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டால், ஆச்சி உடனே பள்ளிப் புத்தகத் தமிழுக்கு மாறிவிடுவார். முதலில் போனை வைத்து, ஒன்றும் பேசாமல் இரண்டு தடவை பாடவைக்க வேண்டும். அப்புறம்தான், "ஆச்சி, இத ஒங்களுக்கு ஆரு சொல்லித் தந்தா?" ஃபேனை நிறுத்துங்கள். கடற்கரை ஊரென்றால் திண்ணையில் பதியாமல் உள்ளறையில் பதியுங்கள், காற்று இரைச்சல் பாட்டை விழுங்கிவிடும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் நடுவே மலையாளச் சொல் வந்தால் திருத்தாமல் காதில் விழுந்தபடியே எழுதவேண்டும். அந்தச் சொல்தான் பாட்டு நடந்துவந்த வழியைக் காட்டும். பாட்டாக்கள் (தாத்தாக்கள்) பெரும்பாலும் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பார்கள். அவர்களிடம் தாலாட்டைக் கேட்காமல், ஆள் பிரித்து விளையாடும்போது என்ன சொல்லி எண்ணினீர்கள் என்று கேட்டால் வரும்.

ஆசிரியர் தெரிந்த பாட்டு, தெரியாத பாட்டு என்று அட்டைகளைப் பிரிக்கும்போது கவிமணியைக் கொண்டுவாருங்கள். 'தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு' வாய்வழி வந்த பாட்டு என்றே பல வீடுகளில் நினைக்கிறார்கள். எழுதியவர் தேரூர்க்காரர், 1954 வரை வாழ்ந்தவர், தொழில் ஆசிரியர் வேலை. ட்விங்கிளுக்கு ஜேன் டெய்லர் எப்படியோ, இதற்குக் கவிமணி அப்படி; பாட்டு பிரபலமாகி எழுதியவர் பெயர் உதிர்ந்துபோவது இரண்டு ஊரிலும் நடந்திருக்கிறது. நிலாவைக் கூப்பிடும் பாட்டுக்குப் பெரியாழ்வார் வரை போகலாம். குழந்தைக் கண்ணனோடு விளையாட அம்புலியை அழைக்கும் பாசுரங்கள் அவர் திருமொழியில் உண்டு, பிள்ளைத்தமிழில் அம்புலி தனிப் பருவமாகவே இருக்கிறது. அதற்காக 'நிலா நிலா' அங்கிருந்துதான் வந்தது என்று அட்டையில் எழுதிவிடக் கூடாது. நடுவில் அச்சோ ஏடோ காட்டும்வரை, கொள்ளைநோய்க் கதைக்குச் சொன்ன பதில்தான் இதற்கும்.

புத்தகம் நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் அலமாரியில் இருக்குமென்று போகாதீர்கள், சொல்லிவைத்தோ இணையத்திலோதான் வாங்கவேண்டியிருக்கும். பழைய பிரதி கிடைத்தால் 1951 பதிப்பும் மோசமில்லை, பாடத்துக்குத் தேவையான முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது. விலை கட்டுப்படியாகாதவர்கள் ஹாலிவெல் என்பவர் 1842இல் வெளியிட்ட ரைம்ஸ் தொகுப்பையும் கேட் கிரீன்அவே புத்தகத்தையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், இரண்டுக்கும் காப்புரிமை முடிந்துவிட்டது. ஹாலிவெல்லின் விளக்கங்களை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். கவிமணி பாடல்களுக்கும் காப்புரிமைக் காலம் 2014ஓடு முடிந்தது, ஆகவே அச்செடுத்து அட்டையில் ஒட்டுவதற்குத் தடையில்லை.