டி.எம்.எல்.டி. படிப்பு: ஒன்பது வருஷம் கழித்து ஒரு கணக்கு

நாத்தனார் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீட்டில் மார்க் வரவில்லை. "அத்தை, நீங்க படிச்சதையே நானும் படிக்கட்டுமா?" என்று போன மாதம் கேட்டாள். ஃபோனில் அரைமணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் 2014-இல் திருநெல்வேலியில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். மருத்துவ ஆய்வக நுட்ப டிப்ளமோ (அதுதான் டி.எம்.எல்.டி.), இரண்டு வருஷம். ஃபீஸ் வருஷத்துக்கு 30,000 ரூபாய், மூன்று தவணை. ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் வகுப்பு. பதினெட்டுப் பேருக்கு மூன்று மைக்ராஸ்கோப். அதில் ஒன்றில் ஆயில் இம்மர்ஷன் லென்ஸ் (எண்ணெய்ச் சொட்டு விட்டு மிகப் பெரிதாக்கிப் பார்ப்பது) எப்போதும் புகை படிந்த மாதிரி இருக்கும். அது கிடைத்தவளுக்கு அன்றைக்கு மலேரியாவும் தெரியாது, ஒன்றும் தெரியாது.

சொல்லிக்கொடுத்தது என்னவோ ஒழுங்காகத்தான். சாலி குழாயில் ஆசிட் ஊற்றி, 20 கன மில்லிமீட்டர் ரத்தம் விட்டு, நிறம் பொருந்தும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து ஹீமோகுளோபின் பார்ப்போம். நியூபார் சேம்பரில் (அணுக்களை எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடித் துண்டு) நாலு மூலைக் கட்டங்களில் வெள்ளணுக்களை எண்ணி, வந்த எண்ணிக்கையை ஐம்பதால் பெருக்குவோம். கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் அணுவில் இடது, மேல் கோடு கணக்கில் சேரும். வலது, கீழ் கோடு சேராது. இதை இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் முதல் வேலையில் சேர்ந்த அன்று அங்கே செல் கவுண்டர் மெஷின் ஒரு நிமிஷத்தில் எல்லா எண்ணையும் அச்சடித்துத் தள்ளியது. இரண்டு வருஷம் கண் வலிக்க எண்ணியதெல்லாம் வீண் என்றுதான் அப்போது நினைத்தேன்.

படிப்பில் இல்லாமல் போனது ரத்தம் எடுக்கும் பழக்கம். முதல் வருஷம் முழுக்க மொத்தம் பதினொரு தடவைதான் ஊசி குத்தியிருப்பேன். அதுவும் ஒருத்திக்கொருத்தி கையை நீட்டிக்கொண்டதுதான். பதினெட்டு வயதுப் பெண்களுக்கு நரம்பு எடுப்பாகத் தெரியும், கண்ணை மூடிக் குத்தினாலும் கிடைக்கும். (வெயின் என்பதை நாங்களும் நோயாளிகளும் நரம்பு என்றுதான் சொல்வோம். தமிழாசிரியர்கள் மன்னிக்கவும்.) கடைசி ஆறு மாதம் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் வாரமே ஒரு ஆச்சி மாட்டினார். எழுபது வயதிருக்கும், சர்க்கரை நோய், கை குச்சி மாதிரி. இரண்டு தடவை குத்தினேன், ஒரு சொட்டு வரவில்லை. மூன்றாவது தடவை கை நடுங்கியது. ஆச்சிதான் எனக்கு ஆறுதல் சொன்னார்: "பதறாத ஏட்டி, எனக்கு வலிக்கல." அவர் கண்ணோரம் ஈரமாக இருந்ததைப் பார்த்தேன்.

சீனியர் அக்கா பக்கத்தில் வந்து முதலில் கையில் இறுக்கிக் கட்டியிருந்த டூர்னிகெட் பட்டையை அவிழ்த்தார். "ஒரு நிமிஷத்துக்கு மேல கட்டி வைக்காத. ரத்தம் தேங்கி ரிசல்ட்டே மாறிப்போகும்." வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஆச்சி கையில் சுற்றிவிட்டு, அவரிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் திரும்பக் கட்டி, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து முழங்கை மடக்கில் வைத்தார். "கண்ணால தேடாத, விரலால தேடு." அழுத்தினால் உள்ளே போய், விட்டால் மெதுவாக எழும்பியது. வெளியே பச்சையாகத் தெரிந்த கோடு எதுவும் அந்த இடத்தில் இல்லை. வயதானவர்களுக்கு நரம்பு உருண்டு விலகிப் போகும் என்பதால், கீழே கட்டை விரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஊசியின் சாய்வு வெட்டு மேலே பார்க்க, சரித்து உள்ளே விட்டேன். ஊசி முடிகிற இடத்தில் குண்டூசித் தலை அளவு ரத்தம் எட்டிப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பேருக்கு எடுத்துவிட்டேன். அந்த ஒரு பொட்டு இன்னும் கண்ணில் இருக்கிறது.

அதனால் எந்த இடத்தில் சேரலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். கட்டடத்தைப் பார்க்காதே, ஏ.சி. வகுப்பைப் பார்க்காதே. சொந்தமாக ஆஸ்பத்திரி இருக்கிறதா, அங்கே காலையில் எத்தனை பேர் ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள் என்று போய்ப் பார். அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். ஃபீஸும் குறைவு, கூட்டமும் அதிகம். அந்தக் கூட்டம்தான் படிப்பு. இன்னொன்று: மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் லேப் டெக்னீஷியன் வேலைக்கு அறிவிப்பு விடும்போது, எந்தப் படிப்பு, யார் அங்கீகரித்த நிலையம் செல்லும் என்று அதிலேயே போட்டிருக்கும். பணம் கட்டும் முன் பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து ஒத்துப் பார்ப்பது நல்லது. நான் பார்க்கவில்லை. எங்கள் நிலையத்தில் கடைசித் தவணை பாக்கி என்று மார்க் ஷீட்டை ஐந்து மாதம் தராமல் வைத்திருந்தார்கள். ரசீதைக் காட்டியும் நடையாய் நடக்க வேண்டியிருந்தது. ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

வேலையில் நிஜமான பாடம் ட்யூபில் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடியில் ஈ.டி.டி.ஏ., நீல மூடியில் சிட்ரேட், சாம்பல் மூடியில் சர்க்கரைக்கான ஃப்ளோரைடு என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியாகிவிட்டது. ஏன் என்பது மூன்றாவது வருஷம்தான் புரிந்தது. ஒரு நைட் டியூட்டி. வார்டிலிருந்து வந்த சாம்பிளில் பொட்டாசியம் 9.6, கால்சியம் 4 கூட இல்லை. அந்தப் பொட்டாசியத்துக்கு இதயம் நின்றுபோயிருக்க வேண்டும். கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சாம்பிள்) ஓட்டிப் பார்த்தேன், மெஷின் சரி. சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் நீர்) சிவந்தும் இல்லை, அதனால் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் ஏறவில்லை. வார்டுக்கு ஃபோன் செய்தால், "அவரா? உக்காந்து இட்லி சாப்பிட்டுட்டு இருக்காரே" என்றார் சிஸ்டர்.

நேரில் போய்ப் பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. பொட்டாசியம் பார்க்கிற சிவப்பு மூடி ட்யூபில் ரத்தம் குறைவாக இருந்ததால், ஊதா ட்யூபிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார் சிஸ்டர். ஊதா ட்யூபில் இருப்பது ஈ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு. ரத்தம் உறையாமலிருக்க அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பொட்டாசியம் ஏறியதும் கால்சியம் விழுந்ததும் ஒரே கைவேலைதான். மறுபடி எடுத்ததில் பொட்டாசியம் 4.3 வந்தது, சரியான அளவு. அந்த முதல் ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பியிருந்தால், இட்லி சாப்பிட்டவருக்குப் பொட்டாசியத்தை இறக்க மருந்து ஏற்றியிருப்பார்கள். அந்த சிஸ்டரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு ஆளாக முப்பது படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்ராஸ்கோப்பை வீண் என்று சொன்னேன் அல்லவா, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வந்தால் எங்கள் லேபில் தட்டணு (பிளேட்லெட்) கணக்கைத் தவிர வேறு பேச்சே இருக்காது. ஒரு பையனுக்கு மெஷின் 38,000 என்று காட்டியது. வெளியே அவன் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். ஸ்லைடு தேய்த்து லீஷ்மன் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஓரத்தில் தட்டணுக்கள் திட்டுத் திட்டாக ஒட்டிக் கிடந்தன. சிலருடைய ரத்தத்தில் ஈ.டி.டி.ஏ. பட்டாலே இப்படிச் சேர்ந்துகொள்ளும். மெஷின் அந்தத் திட்டுகளைத் தட்டணு என்று எண்ணாது. சிட்ரேட் ட்யூபில் எடுத்து, அதில் திரவம் கலந்திருப்பதற்காக 1.1-ஆல் பெருக்கினால் ஒரு லட்சத்து அறுபதாயிரம் சொச்சம். புகை படிந்த லென்ஸில் பழகிய கண் அன்றைக்கு உதவியது.

சம்பளம் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. 2016-இல் 7,500 ரூபாயில் ஆரம்பித்தேன். இப்போது 21,000. சென்னையில் பெரிய லேபில் இருக்கும் தோழி என்னைவிடக் கூட வாங்குகிறாள், வாடகைக்கும் கூடக் கொடுக்கிறாள். டிப்ளமோவோடு நிற்பவர்களுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் ஏற்றம் கிடையாது. வசதி இருந்தால் நேராக பி.எஸ்சி. எம்.எல்.டி. போவதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. அப்போது வீட்டில் அதற்கு வழியில்லை.

ஊசி என் விரலில் இரண்டு தடவை குத்தியிருக்கிறது. இரண்டும் மூடியைத் திரும்ப மாட்டப் போய் வந்த வினை. மூடக் கூடாது, வெட்டி வெள்ளை டப்பாவில் போட வேண்டும் என்று தெரிந்தும் அவசரத்தில் செய்தது. குத்திவிட்டால் பிழியக் கூடாது. சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மூன்று டோஸும் பயிற்சிக்குப் போகும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் நிலையத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகத்தான் போட்டுக்கொண்டேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை அவளை லேபுக்கு வரச் சொன்னேன். காலை ஆறரையிலிருந்து ஓரமாக நின்று பார்த்தாள். வெறும் வயிற்றில் வந்து கோபப்படுகிறவர்கள், கையை நீட்டியதுமே மயங்கி விழுகிற மீசைக்காரர், யூரின் டப்பாவைக் கைப்பையில் மறந்த அக்கா எல்லாரையும் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சாயந்திரம் வீட்டில் என் மாமியார் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முழங்கை மடக்கில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தாள். "என்னட்டி தேடுத?" என்றார் மாமியார். "சும்மா இருங்க ஆச்சி, இப்பதான் கெடச்சுது."