ரக்பி பந்து, 5ஆம் அளவு: அரியமான் கடற்கரை மணலில் நான்கு மாதம் ஆடிப் பார்த்த பிறகு

பந்து நல்ல பந்து, பெட்டிதான் பொய் சொல்கிறது. மூடியில் ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிய ஒருவர் பந்தை ஓங்கி முன்னால் எறியப் போகிற படம். அது அமெரிக்கன் ஃபுட்பால். ரக்பியில் அந்த இரும்புத்தொப்பி வேஷமெல்லாம் கிடையாது, பந்தைக் கையால் முன்னால் எறியவே கூடாது. உள்ளே இருந்த துண்டுத் தாளில் காற்றடிக்கும் விவரம் மட்டும்தான். பையன்கள் மூடிப் படத்தை நம்பி ஒரு வாரம் முன்னால் முன்னால் எறிந்து ஆடினார்கள், நானும் கரையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா மகனுக்காக வாங்கியது. 2025இல் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் ஆடியதைப் போனில் பார்த்ததிலிருந்து "மாமா, அந்தப் பந்து" என்று உயிரை வாங்கிவிட்டான். ராமநாதபுரத்தில் மூன்று கடையில் கேட்டேன், இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருவர் வாலிபாலை எடுத்துக் காட்டினார். இணையத்தில் 899 ரூபாய், உச்சிப்புளிக்கு வந்து சேர ஆறு நாள். "தொள்ளாயிரம் ரூபாய்க்குக் கோணப் பந்தாடா?" என்றாள் அக்கா. நம் ரூபாய்க்கும் இந்த ஆட்டத்துக்கும் பழைய உறவு என்று சொல்லிப் பார்த்தேன்: கல்கத்தாவில் ஒரு ரக்பி கிளப் மூடியபோது கையிருப்பு வெள்ளி ரூபாயை உருக்கிக் கோப்பை செய்து 1878இல் இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள், இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அதற்காக மோதுகின்றன. அக்கா கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

தப்பைத் திருத்தியவர் பெரியபட்டினத்துக் காக்கா ஒருவர் (எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்). கொழும்பில் பல வருடம் கடை வைத்திருந்தவர். அங்கே ராயல் கல்லூரிக்கும் கண்டி டிரினிட்டி கல்லூரிக்கும் 1945இலிருந்து நடக்கிற பிராட்பி கேடய ரக்பி ஆட்டம் என்றால் அன்றைக்குக் கடை அடைப்புதானாம். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளோடு வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்தார், பொறுக்கமுடியாமல் எழுந்து வந்துவிட்டார். "தம்பி, முன்னால ஓடு, பின்னால குடு. அவ்வளவுதான் ஆட்டம்."

உண்மையிலேயே பாதி ஆட்டம் அதுதான். பந்தை வைத்துக்கொண்டு ஓடலாம், உதைத்து முன்னால் அனுப்பலாம், ஆனால் கைமாற்றுவது பக்கத்திலோ பின்னாலோதான். பிடிக்கும்போது கைதவறி முன்னால் விழுந்தாலும் தப்பு, அடுத்த அணிக்கு ஸ்க்ரம் போய்விடும். ஸ்க்ரம் என்றால் பதினைந்து பேர் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் பூட்டி முட்டித் தள்ளுவது. அதை மணலில் முயலாதீர்கள், பழக்கமில்லாதவர்களுக்குக் கழுத்துக்கு ஆபத்து.

எங்கள் பையன்கள் கபடி ஆடி வளர்ந்தவர்கள் என்பதால் ஆளைப் பிடித்துச் சாய்ப்பதைச் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை, விடுவதைத்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது. கபடியில் ரைடரை அமுக்கிவிட்டால் கதை முடிந்தது, விசில் வரும்வரை பிடியை விடக் கூடாது. இங்கே சாய்த்த உடனே பிடியை விட்டு விலக வேண்டும், விழுந்தவனும் பந்தை விட்டுவிட வேண்டும், ஆட்டம் நிற்காமல் ஓடும், நின்றபடி வருகிறவர்கள் அந்தப் பந்துக்கு மேலே முட்டிமோதுவார்கள். அதற்கு ரக் என்று பெயர். பந்து வைத்திருப்பவனை மட்டும்தான் பிடிக்கலாம், தோளுக்குக் கீழேதான் பிடிக்கலாம். இன்னொன்று, கபடியில் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டால் போதும், இங்கே எதிரணிப் பக்கத்து எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடினால் மட்டும் பாயிண்ட் இல்லை, பந்தைத் தரையில் அழுத்த வேண்டும். என் மருமகன் கோட்டைத் தாண்டி இரண்டு கையையும் தூக்கி ஆடிக்கொண்டே பந்தைக் கீழே போட்டதை நாங்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

அப்படி அழுத்தினால் அது டிரை, 5 பாயிண்ட். அதன்பின் H வடிவக் கம்பத்துக்கு நடுவே, குறுக்குக் கம்புக்கு மேலே உதைத்து அனுப்பினால் இன்னும் 2. பெனால்டி உதைக்கு 3, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் போட்டு எழும்பும்போது உதைத்து டிராப் கோல் அடித்தாலும் 3. நாங்கள் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, மூன்று மீட்டர் உயரத்தில் கயிறு கட்டினோம். முழு ஆட்டம் 80 நிமிடம். எங்களுக்குச் சரிப்பட்டது ஏழு பேர் ஆட்டம்தான், பாதிக்கு ஏழே நிமிடம், 2016இலிருந்து ஒலிம்பிக்கில் இருப்பதும் அதுதான். கபடியும் ஏழு பேர் என்பதால் அணி பிரிக்கும் சண்டை மிச்சம்.

சரி, பந்துக்கு வருகிறேன். மளிகைக் கடைத் தராசில் 430 கிராம் காட்டியது, 410இலிருந்து 460க்குள் இருக்க வேண்டியது, அதனால் குறையில்லை. ஆனால் விற்பனைப் பக்கத்தில் "எல்லா வயதினருக்கும்" என்று போட்டிருப்பது இன்னொரு பொய். 5ஆம் அளவு பெரியவர்களுக்கு, பன்னிரண்டு வயதுப் பையனுக்கு 4ஆம் அளவுதான் கைக்கு அடங்கும். மேல்தோலில் புள்ளி புள்ளியாக மேடு வைத்திருக்கிறார்கள், காய்ந்த கைக்கு அருமையான பிடிப்பு, ஈரமணல் ஒட்டினால் சோப்புக்கட்டிதான். நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தால் மறுபடி பிடிப்பு வருகிறது, உப்போடு விட்டால் மேடு தேய்கிறது. காற்று சுமார் பத்து பி.எஸ்.ஐ. போதும். சைக்கிள் கடையில் டயர் மாதிரி அடித்துக் கொடுத்தார்கள், மறுநாள் பிடித்தவன் கையெல்லாம் சிவப்பு.

டிராப் கிக் ஆசையிருந்தால் அலை நனைத்து இறுகிய தரைக்குப் போங்கள். பந்து தரையில் பட்டு எழும்பும்போதுதான் உதைக்க வேண்டும், பொடிமணலில் எழும்பவே எழும்பாது. சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் ஓங்கி உதைத்தால் பந்து நேராகக் கடலுக்குப் போகும். மிதக்கிறது, அதுவரைக்கும் நல்லது. ஒருமுறை நாட்டுப்படகில் வந்த அண்ணன் ஒருவர் எடுத்துக்கொடுத்து, "இது என்ன மீன்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எதிரி கடல் இல்லை, கருவேல முள். மூன்றாம் மாதம் சாலையோரப் புதருக்குள் போய் மூச்சை விட்டுவிட்டது. செருப்பு தைக்கிறவர் ஒரு தையலைப் பிரித்துக் கொடுக்க, சைக்கிள் கடைக்காரர் உள்ளே இருக்கும் பிளாடரில் பஞ்சர் ஒட்ட, இவர் மறுபடி தைக்க, மொத்தம் 80 ரூபாய். இன்றுவரை காற்று நிற்கிறது, அந்தத் தையல் பக்கம் மட்டும் லேசாகப் புடைத்திருக்கிறது.

பந்துக்கு ஐந்துக்கு நாலு, பெட்டிக்கு அரை குறைத்து மூன்றரை. படத்தை மாற்றச் சொல்லி விற்றவர்களுக்கு எழுதினேன், பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். அதை வைத்து 4ஆம் அளவு ஒன்று வரவழைத்தேன். அதே பெட்டி, அதே ஹெல்மெட்காரர்.