20:20:20 நீலத் தூள்: பசளை நல்லது, கரண்டிக் கணக்குத்தான் பிழை

மட்டக்களப்பு, கல்முனை விவசாயப் பொருள் கடைகளில் ஒரு கிலோ பக்கற்றாக விற்கும், நைதரசன், பொசுபேற்று, பொட்டாசு மூன்றும் 20 வீதப்படி உள்ள, நீரில் கரையும் இந்தப் பசளைக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். நல்ல தண்ணீரில் வண்டலே நிற்காது. ஒரு புள்ளி குறைவது, பக்கற்றில் அளவைத் தேக்கரண்டியில் சொல்வதற்கு. தலைதட்டிய கரண்டி ஏறத்தாழ 5 கிராம். குவித்து அள்ளினால் எவ்வளவென்று யாருக்குத் தெரியும்? கடற்காற்றில் திறந்து கிடந்த தூள் ஈரம் இழுத்துக் கட்டிபட்டால் அந்தக் கணக்கும் போச்சு. சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். நீல நிறத்தை வைத்தும் மட்டுக்கட்ட வேண்டாம், அது வெறும் சாயம்.

லீற்றருக்கு 1 கிராம் போட்டால் நைதரசன் 200 பிபிஎம், அதாவது லீற்றருக்கு 200 மில்லிகிராம். நாற்றுக்கு அதில் பாதி, அதாவது 10 லீற்றர் வாளிக்கு 5 கிராம். காய்க்கிற கொச்சி, கத்தரி, தக்காளிக்கு வாளிக்கு 10 கிராம், கிழமைக்கு ஒருதரம். மணல் தரையில் ஒரேயடியாகக் கூட்டி ஊற்றினால் அடுத்த தண்ணீரோடு வேருக்குக் கீழே போய்விடும். இலைக்கு அடிப்பதென்றால் 16 லீற்றர் தாங்கிக்கு 16 கிராம், பின்னேரத்தில். முதலில் ஒரு போத்தலில் கரைத்து வடித்து ஊற்றுங்கள். தூளில் உள்ள யூரியா கரையும்போது தண்ணீர் குளிர்ந்து கடைசித் தூள் மெதுவாகத்தான் கரையும், பத்து நிமிடம் பொறுங்கள். களைநாசினி அடித்த தாங்கியில் இந்த வேலையே வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் உண்மையான சிக்கல் கிணறு. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் கல்லடி, காத்தான்குடி மணலில் மழைக்கு முந்திய மாதங்களில் தண்ணீர் உவர்க்கும். பசளையும் உப்புத்தான்; இரண்டும் சேர்ந்தால் இலை ஓரம் கருகும். ஈ.சி. மீற்றரை (மின்கடத்துதிறனை வைத்துத் தண்ணீரின் உப்பைக் காட்டும் கருவி) வெறும் கிணற்றுத் தண்ணீரில் முதலில் பிடியுங்கள். 0.7 மில்லிசீமன்ஸுக்குக் கீழே என்றால் மேலே சொன்ன அளவே போதும். 1.5 காட்டினால் ஒருதர அளவைப் பாதியாக்கி, கிழமைக்கு இரண்டு தரம் ஊற்றுங்கள். ஆனால் தூள் கரைத்த பிறகும் மீற்றர் அதிகம் ஏறவில்லையே என்று தூளைக் கூட்டிவிடாதீர்கள். யூரியா அயனாகப் பிரியாது, அதனால் மீற்றருக்கு அது தெரியாது. கருகல் தொடங்கியிருந்தால் பசளையை நிறுத்தி, கிடைக்கும் நல்ல தண்ணீரால் மண்ணைக் கழுவுங்கள்.

இந்தத் தூளில் கல்சியம் இல்லை. தக்காளிக் காயின் அடி கறுத்தால் கல்சியம் நைத்திரேற்று தேவைப்படலாம், அதை வேறு வாளியில், வேறு நாளில் கொடுங்கள். இரண்டையும் செறிவாக ஒன்றாய்க் கரைத்தால் பொசுபேற்று கல்சியத்தைப் பிடித்துப் பால்போல் திரண்டு அடியில் படியும். செடிக்கும் இல்லை, நொசிலும் அடைக்கும்.