யெல்லோஸ்டோனுக்கு ஆர்வி வாடகைக்கு எடுக்கறீங்களா, சாவி வாங்கறதுக்கு முன்னாடி இதை படிங்க

செப்டம்பர் ஆரம்பத்துல வர்ற லேபர் டே லீவுக்கு அமெரிக்காவுல இருக்கற யெல்லோஸ்டோன் நேஷனல் பார்க் போறதுக்காக, சால்ட் லேக் சிட்டில ஒரு கம்பெனில ஆர்வி, அதாவது படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கற வீட்டு வண்டி, எடுத்தோம். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருந்தாங்க, ஓல்ட் ஃபெய்த்ஃபுல்ங்கற வெந்நீர் ஊற்று பீச்சி அடிக்கறதையும் கிராண்ட் பிரிஸ்மாட்டிக்ங்கற வெந்நீர் குளத்தோட கலரையும் அவங்க பாக்கணும்னுதான் அவ்ளோ செலவு பண்ணோம். காச திருப்பி கேட்டு கிரெடிட் கார்டுல டிஸ்ப்யூட் ஓடிட்டு இருக்கறதால கம்பெனி பேரு போடல, ஆனா அவங்க பண்ணது மத்தவங்களுக்கு தெரிஞ்சே ஆகணும்.

வண்டிய காட்டும்போது லைட்டு, தண்ணி பம்ப், ஹீட்டர் எல்லாம் ஜம்முனு ஓடுச்சு. ஏன்னா அவங்க யார்டுல வண்டிய கரண்ட்ல சொருகி வச்சிருந்தாங்க. யெல்லோஸ்டோன் உள்ள கரண்ட், தண்ணி கனெக்‌ஷனோட இருக்கற ஒரே கேம்ப்கிரவுண்ட் ஃபிஷிங் பிரிட்ஜ்தான், அது எப்பவோ ஃபுல்லாயிடும். எங்களுக்கு கிடைச்சது மேடிசன் கேம்ப்கிரவுண்ட், 6,800 அடி உயரம், கனெக்‌ஷனே கிடையாது, ஜெனரேட்டரும் காலைல 8 மணில இருந்து ராத்திரி 8 வரைக்கும்தான் போடலாம். அதுக்கப்புறம் விடியற வரைக்கும் ஹவுஸ் பேட்டரிதான் (வண்டி உள்ள லைட்டு, பம்ப், ஃபேனுக்கு கரண்ட் குடுக்கற பேட்டரி) எல்லாமே. ஹீட்டர் புரொப்பேன் கேஸ்ல எரியுதுன்னாலும் அந்த சூட்டை உள்ள தள்ற ஃபேன் 12 வோல்ட் பேட்டரிலதான் ஓடும், பேட்டரி செத்தா ஹீட்டரும் காலி.

நடுராத்திரி ஃபேன் சத்தம் இழுத்து இழுத்து அப்படியே நின்னுடுச்சு. கொஞ்ச நேரத்துல கேஸ் அலாரம் வேற வோல்டேஜ் இல்லாம கீச் கீச்னு கத்த ஆரம்பிச்சுது. அந்த ஊர்ல கோடைலயே ராத்திரி ஃப்ரீஸிங் வரைக்கும் போகும். அம்மா ரெண்டு ஸ்வெட்டர் மேல கம்பளி போத்தியும் பல்லு கிட்டுச்சு, அப்பாவுக்கு வீசிங் வந்துடுச்சு, அத நெனச்சா எனக்கு இப்பவும் ஆத்திரமா வருது. அடுப்ப பத்த வச்சு குளிர் காயலாம்னு மட்டும் தயவுசெஞ்சு யாரும் நினைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்னுடும்.

அங்க சிக்னலும் சரியா கிடைக்கல, விடிஞ்சதும் பார்க்குக்கு வெளிய இருக்கற வெஸ்ட் யெல்லோஸ்டோன் டவுனுக்கு போய் கம்பெனிக்கு போன் போட்டா, நீங்கதான் லைட்ட போட்டே விட்டிருப்பீங்கன்னு சொல்றாங்க. அங்க ஒரு மெக்கானிக் பேட்டரி மூடிய கழட்டி காட்டினாரு, உள்ள தண்ணி தகட்டுக்கு கீழ போயிருக்கு, டெர்மினல் பூரா பச்சையா பூத்துப் போயிருக்கு. அது ஒரு ராத்திரில ஆகற விஷயமே இல்ல, மாசக்கணக்குல யாரும் திறந்தே பாக்கலன்னாரு. புது பேட்டரி எங்க காசுல போட்டோம்.

வண்டிய திருப்பி விட்டப்போ அந்த பில்ல வாங்கவே மாட்டேன்னுட்டாங்க, அதுக்கு மேல ஆனிங் (வண்டி பக்கவாட்டுல நிழலுக்கு விரிக்கற துணி) ஓரத்துல கிழிசல்னு டெபாசிட்ல கை வச்சாங்க. நல்ல வேளை, எடுக்கும்போதே என் வைஃப் வீடியோ எடுத்திருந்தாங்க, அதே கிழிசல் அதுல பளிச்சுனு தெரியுது, அத காட்டினதும் கிழிசல் பழசுதான்னு ஒத்துக்கிட்டாங்க அவ்ளோதான், காச திருப்பி தரல.

அதனால யார்டுலயே பிளக்க பிடுங்க சொல்லுங்க, ஜெனரேட்டரும் வேணாம்னு சொல்லிட்டு ஹீட்டர அரை மணி நேரம் ஓட விட்டு பேட்டரி வோல்டேஜ் எவ்ளோன்னு பாருங்க, 12க்கு கீழ இறங்கினா அந்த வண்டி வேணாம். கூரை, ஆனிங், டயர், வண்டிக்கு அடில எல்லாத்தையும் அவங்க ஆளு நிக்கும்போதே வீடியோ எடுங்க. நம்ம கார் இன்சூரன்ஸும் கிரெடிட் கார்டு கவரேஜும் பல சமயம் ஆர்விக்கு செல்லாது, போன் பண்ணி கேட்டுக்கோங்க. பிளக்க பிடுங்க மாட்டேன்னு சொன்னா அங்கயே கேன்சல் பண்ணிட்டு வேற இடம் பாருங்க.