பாபினின் பாடி பெல்ட்: எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு செக்கிங் ரிப்போர்ட்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 18 வருடமாகச் செக்கிங் வேலை பார்க்கிறேன். எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ரவிக்கையில் தையல் விட்டிருப்பதுதான் கண்ணில் படும். அதனால் இது கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 5க்கு 3. அதிலும் ஒரு நட்சத்திரம் நாங்களே பிரித்துத் தைத்த பிறகு வந்தது.

வாங்கியது சின்ன நாய்களுக்கான பாடி பெல்ட். கழுத்தில் மாட்டுவது இல்லை, நெஞ்சைச் சுற்றிச் சட்டை மாதிரி போடுவது. ஏர் மெஷ் துணி, அதாவது காற்றுப் போகும் ஓட்டைத் துணி. தலை வழியாக மாட்டி, வயிற்றுப் பக்கம் வெல்க்ரோவை ஒட்டி, அதன் மேல் ஒரு க்ளிப் போட வேண்டும். முதுகில் கயிறு மாட்ட ஒரு டி ரிங் (D வடிவ வளையம்), கூடவே நாலடி லீஷ், அதாவது நாயைப் பிடித்துப் போகும் கயிறு. ஆன்லைனில் 549 ரூபாய். எக்ஸ்எஸ் அளவு, சிவப்பு நிறம்.

போட்டுக்கொள்கிறவன் பெயர் பாபின். யார்க்ஷயர் டெரியர் (சுருக்கமாக யார்க்கி), ஆண், மூன்று வயது, எடை 2.6 கிலோ. எங்கள் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்த பெண் வேலை மாறிப் போகும்போது, புது வீட்டில் நாய் வைக்க விடமாட்டார்கள் என்று ஏழு மாதக் குட்டியாக இவனை என்னிடம் கொடுத்தாள். “ரெண்டே மாசம் பாத்துக்கோங்க்கா” என்றாள். ரெண்டு வருடம் தாண்டிவிட்டது. அவள் வைத்திருந்த பெயர் என் மாமியார் வாயில் நுழையவில்லை. கருப்பு நூல் சுற்றிய பாபின் கை தவறி உருள்கிற மாதிரி கட்டிலுக்கு அடியில் ஓடினான். அந்தப் பெயரே நின்றுவிட்டது. இப்போது கருப்பு வெளுத்து, முதுகு இரும்பு நிறத்துக்கு வந்துவிட்டது. எண்ணெய் மாற்றியதால் இப்படி ஆனதா என்று கேட்கிறார்கள். இந்த இனமே அப்படித்தான். பிறக்கும்போது கருப்பும் பழுப்புமாக இருக்கும், வளர வளர முதுகு மட்டும் நீலம் கலந்த சாம்பலாக மாறும்.

வந்த புதிதில் கழுத்துக்கு மணி வைத்த பெல்ட்தான் போட்டோம். வீட்டுக்காரர் ஆசையாக வாங்கி வந்தது. தெருவில் காய்கறி வண்டிக்காரர் குரல் கேட்டால் போதும், அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுவான். நின்றதும் இருமுவான். சாதாரண இருமல் இல்லை, வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம். தொண்டையில் ஏதோ மாட்டிவிட்டது என்று பதறிப்போய்க் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் வாயைத் திறந்து பார்க்கும் முன் அந்த மணி பெல்ட்டைத்தான் கழற்றினார். மூச்சுக்குழாயை மூடாமல் விரித்து வைத்திருப்பவை குருத்தெலும்பு வளையங்கள். இந்த மாதிரிப் பொடி இனங்களில் சிலதுக்கு அந்த வளையங்கள் தளர்ந்து, குழாய் தட்டையாகிவிடுமாம். கழுத்தைப் பிடித்து இழுத்தால் அது இன்னும் மோசமாகும் என்றார். பாடி பெல்ட் போடச் சொன்னார், எடை ஏறவிடக் கூடாது என்றார், பக்கத்தில் புகை ஆகாது என்றார். அன்றிலிருந்து மாமியாரின் சாம்பிராணி மொட்டை மாடிக்குப் போய்விட்டது. அதற்கு இன்னும் எனக்குப் பேச்சு விழுகிறது.

சரி, பொருளுக்கு வருகிறேன். பார்சலைப் பிரித்ததும் டேப்பை எடுத்தேன். விற்பனைப் பக்கத்தில் “யார்க்கி, சிவாவா, பொமரேனியன்: எக்ஸ்எஸ்” என்று போட்டிருந்தார்கள். இனத்தின் பெயரை வைத்து அளவு சொல்வது, “திருப்பூர்க்காரர்: எல்” என்று சட்டை விற்கிற மாதிரி. யார்க்கியிலேயே ஒன்றரை கிலோவும் இருக்கிறது, ஐந்து கிலோவும் இருக்கிறது. கண்காட்சி விதிப்படி 3.2 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் நாய்க்குத் தெரியாது. நெஞ்சளவு 30 முதல் 38 சென்டிமீட்டர் வரை ஏற்ற இறக்கலாம், பாபினுக்கு 34. அது சரி. ஆனால் கழுத்து 26, அதை மாற்ற வழியே இல்லை. பாபினுக்குக் கழுத்து 22. நாலு சென்டிமீட்டர் லூஸ். எங்கள் லைனில் கழுத்து அரை சென்டிமீட்டர் கூடினாலே பீஸ் தனியாகப் போய்விடும். எல்லாம் தெரிந்த நான் “முடி நிறைய இருக்கிறதே, அடைத்துக்கொள்ளும்” என்று விட்டுவிட்டேன். முடி அடைக்காது. அளவெடுக்கும்போது முடியை ஒதுக்கி, டேப் தோலில் படும்படி வைத்து எடுங்கள். முடிக்கு மேல் வைத்தால் இவனுக்கே இரண்டு சென்டிமீட்டர் கூடிக் காட்டுகிறது.

தையல் பரவாயில்லை ரகம். இஞ்சுக்கு எட்டுத் தையல், நேராகத்தான் ஓட்டியிருக்கிறார்கள். நாலு இடத்தில் பிசிறு வெட்டவில்லை, அதை மைனரில், அதாவது சின்னக் குறையில் போடலாம். ஆனால் டி ரிங்கைப் பிடித்திருக்கும் நாடாவில் பார்டாக் (இழுப்பு விழும் இடத்தில் நெருக்கமாகப் போடும் பலத் தையல்) இல்லை. சும்மா இரண்டு வரி ஓட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். இத்துனூண்டு நாய் என்ன இழுத்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பார்கள். இழுப்பதைவிட, ஓடி வந்து லீஷ் முடிகிற இடத்தில் சட்டென்று நிற்கும்போது விழும் வெட்டி இழுப்புதான் தையலைத் தின்னும். நாலு மாதத்தில் ஒரு வரி பாதி பிரிந்தது.

லீஷைக் கம்பெனி ஸ்டோரில் பட்டன் எடை போடும் தராசில் வைத்தேன். 140 கிராம். முக்கால்வாசி அந்த இரும்புக் கொக்கிதான். 60 கிலோ ஆள் ஒருவர் முதுகில் மூன்று கிலோவுக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு வாக்கிங் போவதற்குச் சமம். கொக்கி நடக்க நடக்க முதுகெலும்பில் தட்டிக்கொண்டே வரும். அதை எடுத்துவிட்டுப் பூனை லீஷில் வரும் சின்னக் கொக்கியைப் போட்டோம்.

அடுத்து சாயம். ஈர வெள்ளைத் துணியை வைத்து இருபது தடவை தேய்த்தேன், துணி ரோஜா நிறமானது. ஐப்பசி மழையில் ஒருநாள் நனைந்து வீட்டுக்கு வந்தபோது பாபினின் நெஞ்சுமுடி முழுக்கக் குங்குமம் கொட்டிய மாதிரி இருந்தது. மாமியார் அவனிடம், “ஏங்கண்ணு, மாரியம்மன் கோயிலுக்குப் போய்ட்டு வர்றியா?” என்று கேட்டார். சிரித்தேன்தான், ஆனால் நாய் தன் நெஞ்சை நக்கும், சாயம் வயிற்றுக்குள் போகும். அன்றைக்கே இரண்டு முறை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

இதெல்லாம் மைனர். மேஜர், அதாவது பெரிய குறை என்னவென்று சொல்கிறேன்.

இந்த இனத்தின் பூர்வீகம் இங்கிலாந்தின் யார்க்ஷயர். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து அங்கே மில் வேலைக்கு வந்த நெசவாளர்கள் கூடவே கொண்டுவந்த சின்ன டெரியர்களிலிருந்து உருவானது. மில்லில் எலி பிடிப்பதுதான் பிழைப்பு. 1865இல் பிறந்து 1871இல் செத்துப்போன ஹடர்ஸ்ஃபீல்ட் பென் என்ற நாயைத்தான் இந்த இனத்துக்கே தகப்பன் என்கிறார்கள். ஹடர்ஸ்ஃபீல்டும் துணி நெய்யும் ஊர்தான். இவ்வளவு நீள முடி இருப்பதால், இதையும் தறியில்தான் நெய்து எடுத்தார்களோ என்று அந்தக் காலத்திலேயே கிண்டல் செய்வார்களாம். தலையில் ரிப்பன் கட்டி மடியில் வைத்துக்கொண்டாலும் எலி வாசனை பட்டால் இது மில் நாய்தான்.

வாங்கி மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. வேலம்பாளையத்தில் எங்கள் தெருச் சாக்கடைப் பலகை சந்தில் ஒரு பெருச்சாளி தலையைக் காட்டியது. பாபின் பாய்ந்தான். நான் லீஷை இழுத்தேன். அவன் என் பக்கம் திரும்பி நின்று, பின்கால்களை ஊன்றிப் பின்னால் நகர்ந்தான். முதலில் ஒரு முன்கால் வெளியே வந்தது, பிறகு இன்னொன்று, அப்புறம் தலை. என் கையில் லீஷ், அதன் நுனியில் காலிச் சட்டை. வெல்க்ரோவும் க்ளிப்பும் போட்டது போட்டபடி இருந்தன! அந்த நாலு சென்டிமீட்டர் வழியாகத்தான் போனான்.

பேக்கரி முன்னால் எப்போதும் மூன்று தெருநாய்கள் படுத்திருக்கும். அவை எழுந்தன. எனக்குக் குரலே வரவில்லை. பால் இறக்கிக்கொண்டிருந்த பேக்கரி அண்ணன், காலியான பால் கிரேட் ஒன்றை எடுத்து அவன் மேல் அப்படியே கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து பாபின் அந்த மூன்றையும் பார்த்துக் குரைக்கிறான், என்னவோ அவன்தான் அவற்றைப் பிடித்து அடைத்த மாதிரி. “ஏனுங்க்கா, இத்தனைப் பொடிசைப் போய் அவுத்து உடறீங்களே” என்றார் அண்ணன். காலிச் சட்டையைக் காட்டினேன். அவர் நம்பினாரா தெரியாது.

விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். திருப்பி அனுப்ப ஏழு நாள்தான், தாண்டிவிட்டது என்றார்கள். சரி, பணம் போகட்டும், கழுத்தை அட்ஜஸ்ட் செய்கிற மாதிரி தயாரியுங்கள் என்றேன். “அன்பான வாடிக்கையாளரே, அளவு அட்டவணையைப் பார்த்துச் சரியான அளவைத் தேர்ந்தெடுக்கவும்” என்று பதில் வந்தது. அட்டவணையைப் பார்த்துத்தானே எடுத்தேன்?

தூக்கிப் போட மனசு வரவில்லை. நெஞ்சுப் பகுதி வெட்டு உண்மையிலேயே நன்றாக இருந்தது. இழுப்பு முழுக்க நெஞ்சில் பரவுகிறது, கழுத்தில் படுவதே இல்லை. அதனால் கம்பெனியில் பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) ஓட்டும் தோழியிடம் கொண்டுபோனேன். கழுத்தை நடுவில் வெட்டித் திறந்து ஒரு சின்னக் க்ளிப்பும் அட்ஜஸ்டரும் வைத்தோம். இப்போது தலை வழியாக மாட்டுகிற வேலை இல்லை, கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவில் என் ஒரு விரல் மட்டும்தான் போகும். பெரிய நாய்க்கு இரண்டு விரல் இடம் விடச் சொல்வார்கள். இந்த உருவத்துக்கு ஒரு விரலே தாராளம். டி ரிங்குக்கு பார்டாக் போட்டோம்.

பிறகு வெல்க்ரோ. இதை யார்க்கிக்கு வைத்தவர் யார்க்கியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். இதன் முடி மற்ற நாய்களின் ரோமம் மாதிரி இல்லை. உள்முடி கிடையாது, நம் தலைமுடி மாதிரி மெல்லிசாக வளர்ந்துகொண்டே போகும், கொட்டுவதும் குறைவு. ஒவ்வொரு தடவை வெல்க்ரோவைப் பிரிக்கும்போதும் நாலைந்து முடியைப் பிடுங்கிக்கொண்டு வரும். அவன் பல்லைக் காட்டுவான், நியாயம்தான். வெல்க்ரோவைப் பிரித்து எறிந்துவிட்டு இன்னொரு க்ளிப் போட்டோம். அக்குளில் வரும் நைலான் பைப்பிங் (ஓரத்தைச் சுற்றித் தைக்கும் பட்டை) சொரசொரப்பு. ஒரே வாரத்தில் அந்த இடத்து முடி சடைபிடித்துப் பஞ்சு உருண்டையாகிவிட்டது. கத்தரியால்தான் எடுக்க முடிந்தது. கட்டிங் வேஸ்ட்டில் கிடந்த காட்டன் லைக்ரா ரிப்பை அங்கே பைப்பிங்காக மாற்றினோம். சடை நின்றது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும், அக்குளில் ஒரு நிமிடம் சீப்பு ஓட்ட வேண்டும். நாள் முழுக்க மாட்டி விடுகிறவர்கள் இந்தப் பொருளைக் குறை சொல்லக் கூடாது.

கழற்றும்போது உண்ணி பார்க்கிற பழக்கமும் வந்துவிட்டது. காது மடல், அக்குள், விரல் இடுக்கு. ஒருமுறை மெஷ் துணியின் ஓட்டையிலேயே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பில் நன்றாகத் தெரிந்தது, அந்த நிறத்துக்கு அது ஒன்றுதான் பெருமை.

நல்லதையும் சொல்ல வேண்டும். துவைத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்கிறது. எட்டு மாதத்தில் சுருங்கவில்லை, துவைத்து அளந்து பார்த்தேன். லீஷின் கைப்பிடியைக் கடித்துப் பார்த்தான், நூல் அசையவில்லை. (பால்பல் விழாமல் வேட்டைப்பல் இரண்டிரண்டாக நின்ற காலத்தில் கடித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. கருத்தடை செய்யும்போதே டாக்டர் அந்தப் பால்பற்களையும் பிடுங்கிவிட்டார்.) சித்திரையில் கூட காலை ஆறரைக்குள் போய் வந்துவிட்டால் இந்த மெஷ் சூடாக்குவதில்லை. அதற்குமேல் எந்தத் துணியானாலும் வேண்டாம். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், தெரியும். எல்லாவற்றையும்விட, அந்த வாத்துச் சத்தம் எப்போதாவதுதான் கேட்கிறது. நான் 3 கொடுத்ததே அதற்காகத்தான்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முதுகில் பிடி மாதிரி நாடா இருக்கிறதே என்று அதைப் பிடித்துப் பை தூக்குகிற மாதிரி நாயைத் தூக்காதீர்கள். நெஞ்சுக்கு அடியில் ஒரு கை, பின்பக்கம் ஒரு கை. இறக்கும்போதும் அப்படியே. இதன் முழங்கால் சில்லு லேசில் நழுவும். நாங்கள் சோபாவுக்குப் பக்கத்தில் பழைய பைல்களை அடுக்கித் துணி தைத்து ஒரு படியே வைத்திருக்கிறோம்.

கழுத்தளவு 25, 26 இருக்கும் நாய் என்றால் அப்படியே வாங்கிப் போடலாம். அதற்குக் கீழே என்றால் தைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்களுக்குக் கூடுதலாக 60 ரூபாய் ஆனது, அதுவும் க்ளிப்புக்கு. வாங்குவதாக இருந்தால் சாம்பல் நிறம் எடுங்கள். சிவப்பு வேண்டாம்.