சென்னையா, கும்பகோணமா? தரவரிசை சொல்லாதவை

நுண்கலை படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் தேடுவது தரவரிசையைத்தான். ஆனால், 2016 முதல் மத்திய அரசு வெளியிடும் தேசியத் தரவரிசையில் நுண்கலைக்கெனத் தனிப்பிரிவே இல்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் தலைமையேற்று வளர்த்த மரபுடையது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் சோழர் செப்புத் திருமேனிகளும் அருகிலேயே உள்ளன. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியின் பலமோ வளாகத்துக்கு வெளியே இருக்கிறது: சுவாமிமலையில், மெழுகில் வடித்த உருவின்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, உலர்த்தி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றியபின் அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றும் ஸ்தபதிகளின் பட்டறைகள் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. சிற்பத்தில் மனம் பதிந்தவருக்குக் கும்பகோணத்தையே சொல்வேன். கண்காட்சிகளை அடிக்கடி பார்த்துக் கண்ணைப் பழக்க விரும்புபவருக்குச் சென்னை. விண்ணப்பிக்கும் முன் நேரில் சென்று, மூத்த மாணவர்களின் வரைவேடுகளைப் புரட்டிப் பாருங்கள்.